பார்வை போகும் வழி

1755-இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதன் முன்னுரையில் ஒரு சிக்கலைத் தனியே எடுத்துப் பேசுகிறார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ‘ஆஃப்’, ‘ஆன்’, ‘அவுட்’ என்று ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டிக்கொண்டால் பொருள் எங்கேயோ போய்விடுகிறது. வேற்றுமொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது என்பது அவர் கணிப்பு. அதனால் இத்தகைய சேர்க்கைகளை அகராதியில் மிகுந்த கவனத்தோடு தொகுத்தார். இவற்றை இன்று நாம் ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்கிறோம். 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூல்தான் இந்தப் பெயரைப் பரப்பியது. அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர், ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

பெயர் கிடைத்ததே தவிர தொல்லை தீரவில்லை. நம் மாணவர்கள் படிக்கும் நோட்ஸ்களில் இன்றைக்கும் ஒரு பட்டியல் இருக்கும். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் கவனித்துக்கொள், ‘லுக் ஃபார்’ என்றால் தேடு, ‘லுக் இன்டூ’ என்றால் விசாரி, ‘சீ ஆஃப்’ என்றால் வழியனுப்பு. காரணம் எதுவும் சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பரீட்சை முடிந்த மறுவாரம் ‘ஆஃப்டர்’ எது, ‘ஃபார்’ எது என்று குழம்பிப் போகும். இது மாணவரின் குறையில்லை. இந்தச் சேர்க்கைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். பார்த்தலைக் குறிக்கும் வினைகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே அந்த ஒழுங்கு பெருமளவுக்குத் துலங்கும்.

முதலில் அடிப்படை வினைகள். ஸ்வீடன் நாட்டு மொழியியலாளர் ஓக்கே விபெரி 1983-இல் சுமார் 50 மொழிகளின் புலன்வினைகளை ஒப்பிட்டார். கண்ணைச் செலுத்துவது ஒன்று, கண்ணில் படுவது ஒன்று, பார்ப்பவருக்கு ஒரு பொருள் எப்படித் தோன்றுகிறது என்பது இன்னொன்று என மூன்றாகப் பிரித்தார். முதலாவதுக்கு ஆங்கிலத்தில் ‘லுக் அட்’, இரண்டாவதுக்கு ‘சீ’. மூன்றாவதுக்கு மீண்டும் ‘லுக்’, ஆனால் ‘அட்’ இல்லாமல். ‘ஷி லுக்ஸ் டயர்டு’ என்றால் அவள் களைத்துத் தெரிகிறாள். தமிழில் ‘பார்த்தேன்’ என்ற ஒரே சொல் முதல் இரண்டையும் சுமந்துகொள்ளும். ‘நேற்று உங்கள் தம்பியைப் பார்த்தேன்’ என்பதும் ‘அந்தப் படத்தை உற்றுப் பார்த்தேன்’ என்பதும் ஒரே வினை, ஒரே ‘ஐ’ உருபு. அந்தப் பழக்கத்தில் ‘ஐ லுக்டு யுவர் பிரதர்’ என்று எழுதிவிடுகிறோம். அங்கே ‘அட்’ ஏன் கட்டாயம்?

அந்த ‘அட்’ வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ‘ஷாட் ஹிம்’ என்றால் குண்டு அவன்மேல் பாய்ந்துவிட்டது. ‘ஷாட் அட் ஹிம்’ என்றால் அவனைக் குறிவைத்துச் சுட்டார்கள். பட்டதா இல்லையா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. பந்தை ஒருவருக்கு ‘டு’ போட்டு எறிந்தால் அவர் பிடிப்பதற்காக. ‘அட்’ போட்டு எறிந்தால் அவர்மேல் அடிப்பதற்காக. ஆக ‘அட்’ என்பது குறியைச் சொல்கிறதே ஒழிய, போய்ச் சேர்ந்ததற்கு உத்தரவாதம் தருவதில்லை. ‘லுக்’ என்பது பார்வையைக் குறி நோக்கி எய்வது. எனவே ‘அட்’ வேண்டும். ‘சீ’ என்பது பார்வை போய்ச் சேர்ந்துவிட்ட நிலை. எனவே செயப்படுபொருள் இடையில் எதுவுமின்றி நேராக ஒட்டிக்கொள்கிறது. ‘ஸ்டேர்’, ‘கெய்ஸ்’, ‘கிளேர்’, ‘பீக்’ என்று பார்வையைச் செலுத்தும் வினைகளெல்லாம் ‘அட்’ கேட்பதும் இதனால்தான். சாலை விபத்துகளை ஆராய்பவர்களிடம் இந்த இரண்டு வினைகளையும் ஒரே பெயருக்குள் அடக்கிய வகை ஒன்றே உண்டு: ‘லுக்டு பட் ஃபெய்ல்டு டு சீ’. கார் ஓட்டுபவர் சந்திப்பில் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார். வருகிற மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் படுவதில்லை. இலக்கணப் புத்தகம் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதை அந்த ஐந்து சொற்கள் சொல்லிவிடுகின்றன.

‘ஃபார்’ இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. ‘லுக் அட் தி கீ’ என்றால் சாவி கண்ணெதிரே கிடக்கிறது. ‘லுக் ஃபார் தி கீ’ என்றால் சாவி அங்கே இல்லை. பார்வை அதை வேண்டி அலைகிறது. ‘ஆஸ்க் ஃபார்’, ‘வெயிட் ஃபார்’, ‘ஹோப் ஃபார்’ எல்லாவற்றிலும் இதே இல்லாமைதான். கையில் இல்லாத ஒன்றை வேண்டுவதற்கு ‘ஃபார்’ என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் தேடுதலுக்கு ஏன் இந்தச் சொல் என்ற கேள்வியே எழாது.

பார்வை எய்யப்படுகிறது, அலைகிறது என்று நான் சொல்வது வெறும் உருவகமல்ல. 1967-இல் ஜெஃப்ரி குரூபர் என்ற அமெரிக்க மொழியியலாளர் ‘லேங்குவேஜ்’ ஆய்விதழில் ‘லுக்’, ‘சீ’ ஆகிய இரண்டைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். ஆங்கில இலக்கணம் ‘சீ’யை ‘கோ’ போன்ற ஓர் இயக்க வினையாகவே நடத்துகிறது என்பது அவர் வாதம். போவதற்கு வருகிற ‘இன்டூ’, ‘த்ரூ’, ‘ஓவர்’, ‘அக்ராஸ்’, ‘அண்டர்’ எல்லாமே பார்ப்பதற்கும் வருகின்றன. அறைக்குள் ஒருவர் ‘வாக்ஸ் இன்டூ’, ‘லுக்ஸ் இன்டூ’; சுவருக்கு மேலாகத் தாவலாம், சுவருக்கு மேலாகப் பார்க்கலாம், இரண்டிலும் ‘ஓவர்’. பிற்பாடு லெனார்ட் டால்மி இதையே கற்பித இயக்கம் என்ற பெரிய கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். உலகில் எதுவும் நகர்வதில்லை. ஆனால் மொழி, கண்ணிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிப் பொருளை நோக்கிப் பயணிப்பதாகக் காட்டுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிச் சென்றால் தவறில்லை. கண்ணிலிருந்து கதிர் கிளம்பிப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை நிகழ்கிறது என்று யூக்ளிடும் தாலமியும் கணக்குப் போட்டு எழுதினார்கள். நம் நாட்டு நியாய மரபினரும் கண்ணின் ஒளி வெளியே சென்று பொருளைச் சேர்கிறது என்றே வாதிட்டார்கள். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம், ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று நிறுவினார். இயற்பியல் திருந்திவிட்டது, மொழி திருந்தவில்லை. ஆங்கில வாக்கியத்தில் பார்வை இன்றைக்கும் கண்ணைவிட்டு வெளியே நடந்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழ் இதையே வேறு விதமாகச் செய்கிறது. மேலே பார்ப்பதற்கு அண்ணாந்து பார்க்கிறோம். கீழே பார்க்கக் குனிந்து பார்க்கிறோம், பின்னால் பார்க்கத் திரும்பிப் பார்க்கிறோம், வேலிக்கு அப்பால் பார்க்க எட்டிப் பார்க்கிறோம். கழுத்தும் இடுப்பும் குதிகாலும் முதலில் வேலை செய்கின்றன; அதை வினையெச்சம் சொல்கிறது; பிறகு ‘பார்’ வருகிறது. ஆங்கிலத்திலோ உடம்பு கணக்கில் வருவதே இல்லை. ‘லுக் அப்’, ‘லுக் டவுன்’, ‘லுக் பேக்’, ‘லுக் ஓவர்’ என்று பார்வை மட்டும் தனியே கிளம்பிப் போகிறது. தமிழில் வினையெச்சம் ஏற்கும் சுமையை ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சின்னச் சொல் ஏற்கிறது. நமக்கு ஃப்ரேசல் வெர்ப் கடினமாக இருப்பதன் வேர் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாக்கியத்தில் நாம் தேடும் இடம் ஒன்று, பொருள் ஒளிந்திருக்கும் இடம் வேறு.

இனி ‘சீ’க்கு வருவோம். ‘சீ ஆஃப்’, ‘சீ அவுட்’, ‘சீ ஹோம்’: முதலாவது ரயிலடிவரை வந்து வழியனுப்புவது, இரண்டாவது விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுவது, மூன்றாவது ஒருவரை வீட்டில் சேர்ப்பது. ‘லுக்’ சேர்க்கைகளில் பார்வை பயணம் போயிற்று. இங்கே பயணம் போவது பார்க்கப்படுபவர். ‘ஷி சா ஹர் சன் ஆஃப்’ என்பதில் ‘ஆஃப்’ என்று கிளம்புவது மகன். தாயின் கண் அவன் கிளம்பும்வரை கூட இருக்கிறது. புத்தாண்டை ‘சீ இன்’ செய்கிறார்கள். உள்ளே வருவது ஆண்டு. ஒருவர் கஷ்டகாலத்தைக் கடக்க ஐயாயிரம் ரூபாய் உதவியது என்றால் அந்தப் பணம் அவரை ‘சீ த்ரூ’ செய்தது. கடந்து வருவது அவர்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், பலரையும் திணறடிக்கும் ஓர் இரட்டை எளிதாகப் பிரிந்துவிடும். ‘ஐ சா த்ரூ ஹிம்’, ‘ஐ சா ஹிம் த்ரூ’. இரண்டிலும் அதே நான்கு சொற்கள்; கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கின்றன. முதல் வாக்கியத்தில் என் பார்வை அவனை ஊடுருவிப் போகிறது. அவன் போட்ட வேஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவதில் அவன்தான் ஊடாகப் போகிறான், நான் கடைசிவரை துணை நிற்கிறேன். ஒன்று ஏமாற்றுக்காரனைக் கண்டுகொள்வது, மற்றொன்று துயரப்படுபவனைக் கரைசேர்ப்பது. ‘த்ரூ’ என்ற வழி இரண்டுக்கும் பொதுதான். அந்த வழியில் நடப்பவர் யார் என்பதே வேறுபாடு.

அந்த வேறுபாடே இலக்கணக்காரர்கள் சொல்லும் பிரிபொசிஷன், அட்வெர்ப் என்ற பிரிவினையும் ஆகும். பாடப்புத்தகங்கள் இதை வறட்டு விதியாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கிட்ட வைத்துப் பார்த்தால் விதி தானாகப் புரியும். ‘ஹி லுக்டு அப் தி சிம்னி.’ ‘ஹி லுக்டு அப் தி நம்பர்.’ வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. முதலாவது, புகைபோக்கியின் உள்ளே கீழிருந்து மேலாகப் பார்த்தான். ‘அப்’ சிம்னியைச் சேர்ந்தது, அது பார்வைக்கு வழி. இரண்டாவது, தொலைபேசி எண்ணைப் புத்தகத்தில் பார்த்து எடுத்தான். ‘அப்’ வினையைச் சேர்ந்தது. இப்போது சிம்னிக்கும் நம்பருக்கும் பதிலாக ‘இட்’ போடுவோம். முதலாவது ‘ஹி லுக்டு அப் இட்’ ஆகும். இரண்டாவது ‘ஹி லுக்டு இட் அப்’ ஆகியே தீரும். நம்பருக்கு ‘லுக்டு அப் இட்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். ‘தி சிம்னி அப் விச் ஹி லுக்டு’ என்று எழுதலாம். நம்பருக்கு அப்படி எழுதினால் வாக்கியம் உடைந்துவிடும். வாய்விட்டுச் சொல்லும்போதும் வித்தியாசம் தெரியும். ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ விழுங்கப்படுகிறது. ‘லுக் இட் அப்’ என்பதில் குரல் ‘அப்’ மேல் ஏறி நிற்கிறது.

ஏன் ‘அப்’? அகராதியில் சொல் பார்ப்பதற்கும் மேல்நோக்குக்கும் என்ன தொடர்பு? ‘டிக் அப்’, ‘டர்ன் அப்’, ‘கம் அப்’ ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். புதைந்து கிடந்தது மேலே வருவதை ‘அப்’ சொல்கிறது. அகராதிக்குள் கிடக்கும் சொல்லும் அப்படி மேலே கொண்டுவரப்படுகிறது. ‘சீ ஆஃப்’பில் மகன் பயணித்தது போல ‘லுக் அப்’பில் சொல் பயணிக்கிறது. செயப்படுபொருளை நேராக ஏற்ற வினையில் வழி அந்தப் பொருளுக்குரியது என்பதே என் வாசிப்பு. ‘ஸ்டேர் டவுன்’ என்பதும் இதற்குப் பொருந்துகிறது: ஒருவரை முறைத்து, அவர் கண்ணைத் தாழ்த்த வைப்பது. எல்லாமே இதில் அடங்கும் என்று சொல்லமாட்டேன். ‘லுக் இட் ஓவர்’ என்று ஒரு கட்டுரையைப் புரட்டிப் பார்க்கும்போது கட்டுரை எங்கும் நகர்வதில்லை; அங்கே பார்வைதான் அதன்மேல் பரவுகிறது. ஆனாலும் சொல் வரிசை ‘லுக் இட் அப்’ போலவே வருகிறது. விதிக்கு அடங்காத இத்தகையவற்றை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மை.

மூன்று உறுப்புள்ளவை தனி அழகு. ‘லுக் அப் டு’ என்றால் மதித்தல், ‘லுக் டவுன் ஆன்’ என்றால் இளக்காரமாக நினைத்தல். முதல் சொல் பார்வையின் திசை, அடுத்தது போய்ச் சேரும் இடம். உயர்ந்தது மேலே, தாழ்ந்தது கீழே என்ற உருவகம் நம் பேச்சிலேயே இருப்பதால் இவை நமக்கு எளிதில் பிடிபடும். கவனிக்க வேண்டியது, மேலே பார்க்கும்போது ‘டு’, கீழே பார்க்கும்போது ‘ஆன்’. கீழ்நோக்கிய பார்வை பொருளின் மேல்பரப்பில் வந்து இறங்குகிறது. அண்ணாந்த பார்வைக்கு இறங்க இடமில்லை, எட்ட மட்டுமே முடியும். ஆங்கிலம் இதில் காட்டும் நுட்பம் என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

சின்னச் சொல் பின்னால் வராமல் முன்னால் ஒட்டிக்கொண்ட காலமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அதுவே பெருவழக்கு. இடைக்கால ஆங்கிலத்தில்தான் பின்னால் வரும் பழக்கம் மெல்ல மேலோங்கியது. முன்னொட்டுக் காலத்தின் எச்சங்களே ‘ஓவர்சீ’, ‘ஓவர்லுக்’, ‘ஃபோர்சீ’ போன்றவை. ‘ஓவர்’ என்ற ஒரே வழி இவற்றில் படும் பாட்டைப் பாருங்கள். மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தால் மேற்பார்வை, அது ‘ஓவர்சீ’. நம் பொதுப்பணித் துறை ஓவர்சீயர் அங்கிருந்து வந்தவர். அதே வேலையைப் பார்த்தவருக்கு இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கங்காணி என்று பெயர். கண்ணையும் காணுதலையும் சேர்த்த அந்தத் தமிழ்ச் சொல் ஆங்கில ஆவணங்களுக்குள்ளும் ஏறியது. ஆனால் பார்வை ஒரு பொருளின்மேல் நிற்காமல் மேலாகத் தாண்டிப் போய்விட்டால்? அது கவனப்பிசகு, ‘ஓவர்லுக்’. ‘ஓவர்சைட்’ என்ற பெயர்ச்சொல்லில் இந்த இரண்டும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்றக் குழு அரசுத் துறைகளைக் கண்காணிப்பதும் ‘ஓவர்சைட்’, குமாஸ்தா ஒரு வரியை விட்டுவிடுவதும் ‘ஓவர்சைட்’. உறவு மொழியான ஜெர்மனிலும் ‘ஊபர்சேயன்’ என்ற ஒரே வினை, முழுதும் ஒருசேரப் பார்ப்பதையும் பாராமல் விடுவதையும் குறிக்கிறது. ஆக இது தற்செயலாகத் தோன்றவில்லை. மேலாகச் செல்லும் பார்வைக்கு முழுதையும் அடக்கிக்கொள்வதும் தாண்டிவிடுவதும் இயல்பிலேயே உள்ள இரண்டு சாத்தியங்கள்.

‘ஓவர்லுக்’குக்கு வழக்கொழிந்த பொருள் இன்னொன்றும் உண்டு: கண்ணேறு. ஒருவர்மேல் தீய பார்வை படுவதை இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டாரங்களில் இந்தச் சொல்லால் குறித்தார்கள். ஷேக்ஸ்பியரின் ‘மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் போர்ஷியா, தன் மனம் கவர்ந்தவனின் கண்களைப் பற்றி இந்தப் பொருள் தொனிக்கவே பேசுகிறாள். பார்வை கிளம்பிப் போய் ஒருவர்மேல் விழுந்து தீங்கு செய்யும் என்ற நம்பிக்கை, மேலே சொன்ன இலக்கணத்தோடு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது!

‘லுக் ஆஃப்டர்’தான் மாணவர்களுக்குப் பெரும் புதிர். ‘பின்’ என்பதற்கும் கவனித்துக்கொள்வதற்கும் என்ன சம்பந்தம்? இன்றைய பொருளை வைத்துக்கொண்டு தேடினால் விடை கிடைக்காது. முன்னாளில் அது, போகிறவர் பின்னாலேயே கண்ணை அனுப்புவதைக் குறித்தது. ஒன்றை நாடுவது, எதிர்பார்ப்பது என்ற பொருள்களும் இருந்தன; 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் லூக்கா 21-ஆம் அதிகாரத்தில், வரப்போவதை அஞ்சி எதிர்பார்ப்பதற்கு இதே சேர்க்கை வருகிறது. கண் ஒன்றன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் அதன் நலமும் கண்ணின் பொறுப்பாகிவிடுகிறது. நாமும் ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்று பார்வையைக் கொண்டுதானே பொறுப்பைச் சொல்கிறோம்.

‘வாட்ச்’ இந்தக் கூட்டத்தில் சேராமல் தனித்து நிற்கிறது. விழித்திருப்பதைக் குறிக்கும் ‘வேக்’ என்ற சொல்லோடு பிறந்தது அது. இரவெல்லாம் விழித்திருந்து காப்பவர் என்பதால்தான் வாட்ச்மேன். எனவே அதன் கருவில் இருப்பது நேரம், வழி இல்லை. ‘வாட்ச் ஓவர்’, ‘வாட்ச் அவுட்’, ‘வாட்ச் ஃபார்’ என்று காவலுக்கு வேண்டிய சிலவற்றோடு மட்டும் அது சேர்கிறது. ‘லுக்’ போலப் பத்துப் பன்னிரண்டு திசைகளில் கிளைக்கவில்லை. செயப்படுபொருள் ஏற்கும்போது ‘அட்’ கேட்பதும் இல்லை. ‘கிளான்ஸ்’ நேர் எதிர், கணநேர வினை. கத்திவீச்சு பட்டும் படாமல் சறுக்கிப் போவதையே அது முதலில் குறித்தது. பார்வைக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில். இன்றும் தோட்டா இரும்பில் பட்டுத் தெறித்தால் ‘கிளான்ஸ்டு ஆஃப்’ என்பார்கள்.

கடைசியாக, நம் அலுவலகக் கடிதங்களில் அன்றாடம் நடக்கும் ஒரு பிழை. ‘ஐ லுக் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். ‘டு’வைக் கண்டதும் ‘டு மீட்’, ‘டு கோ’ நினைவுக்கு வந்துவிடுகிறது. இந்த ‘டு’ அந்த ‘டு’ அல்ல. ‘லுக் அப் டு’வில் வந்த அதே ‘டு’. பார்வை காலத்தில் முன்னோக்கிப் போய்ச் சேரும் இடத்தைக் காட்டும் பிரிபொசிஷன். அதற்குப் பின் பெயர்ச்சொல்தான் நிற்க முடியும். வினை நிற்க வேண்டுமென்றால் ‘இங்’ ஒட்டிப் பெயராகிவிட வேண்டும். எனவே ‘டு மீட்டிங் யூ’. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு இட்’ முழுமையாக நிற்கிறது; ‘ஐ வான்ட் டு இட்’ நிற்காது. ‘அப்ஜெக்ட் டு’, ‘ஆம் யூஸ்டு டு’ இரண்டும் ‘இட்’டோடு நிற்கின்றன, அவற்றுக்கும் ‘இங்’ வேண்டும்.